பிள்ளைத்தாச்சிக்கு முதக் கடலை

ரொம்பக் காலத்துக்கு முந்தி, இந்தத் தார் ரோடு கெடயாது, கரண்டு கெடயாது, மழை பேஞ்சாத்தான் சோறுங்கிற காலத்துல, ஆலடிச்செவல்னு ஒரு ஊரு இருந்துச்சாம். வேற எங்கயும் இல்ல, நாம உக்காந்திருக்கோமே இதே ஊருதான். செவக்காடும் இதேதான். ஆளுகதான் வேற. நான் கண்டதில்ல. எங்க ஐயா சொன்னாரு, அவருக்கு அவுக அம்மா சொன்னாளாம். கூடக்கொறச்சு இருந்தா அது எங்க வீட்டுப் பழக்கம், பொறுத்துக்கோங்க. ஆனா குறுக்க குறுக்கப் பேசுனா எனக்குக் கோவம் வந்துரும். அதையும் இப்பவே சொல்லிட்டேன்.

அந்த ஊருல வண்டிமலைச்சின்னு ஒரு பொம்பள. மலைச்சி மலைச்சின்னு கூப்பிடுவாகளாம். அழகியா? அதெல்லாம் இல்ல. நெடுநெடுன்னு இருப்பாளாம், கைகாலு ரெண்டும் வெறகுக்கட்டை. தொண்டை மட்டும் பெரிய தொண்டை. கீழத்தெருவுல நின்னு ஆட்டுக்குட்டியக் கூப்பிட்டான்னா மேலத்தெரு மாடெல்லாம் திரும்பிப் பாக்குமாம். அவ புருசன் சப்பாணிமுத்து. நல்ல மனுசன், வாயில்லாப்பூச்சி. வீட்டுல பேச வேண்டியதையெல்லாம் அவளே பேசிருவா, அவன் தலைய ஆட்டுவான். அதுவும் ஒரு குடித்தனந்தானே.

அந்த மலைச்சிக்கு ஒரு கொற. பொறந்த பிள்ள தங்கல. முதப் பிள்ள பொறந்து ஒரு சத்தம் குடுக்கல. ரெண்டாவது பிள்ள பொறந்து, அழுதுச்சு, ஆனா பாலச் சப்பத் தெம்பில்ல. கொஞ்ச நாளு மூச்சு விட்டுட்டு அதுவும் போயிருச்சு. ரெண்டும் உள்ளங்கையில அடங்குற மாதிரி இருந்துச்சாம். ஊருல ஆளுக்கொண்ணு சொன்னாகளாம். ஒருத்தி நாகதோசம்னா. ஒருத்தி இவ சுடுகாட்டு வழியா நடந்தாள்னா. பூசாரி ஒரு கருப்புக் கயித்தக் கட்டி விட்டாரு.

மலைச்சி கயித்தக் கட்டிக்கிட்டா. ஆனா மனசுக்குள்ள வேற கணக்கு ஓடுச்சாம். 'நான் வயித்துப் பிள்ளையோட இருக்கையில என்னத்தத் தின்னேன்?'னு யோசிச்சுப் பாத்தாளாம். மொதல்ல மாமனாரு உக்காருவாரு. பெறவு புருசன், கொழுந்தன். அதுக்குப் பெறவு கொழுந்தன் பிள்ளைக. பெறவு மாமியா. எல்லாரும் எந்திரிச்ச பெறவு இவ பானையச் சாச்சுப் பாப்பா. நீத்தண்ணி கெடக்கும், நாலு பருக்கை கெடக்கும். உப்பப் போட்டுக் குடிச்சிட்டு முந்தானைய இறுக்கிக் கட்டிக்கிட்டுப் படுத்துருவா. அந்த வீட்டு ஆளுக கெட்டவுகன்னு சொல்லல கேட்டுக்கோங்க. எல்லா வீட்டுலயும் அதுதான் வரிசை. இவ அம்மாவும் அப்படித்தான், இவ மாமியாளும் அப்படித்தான் கெடந்து பெத்தாக. யாரும் அதுக்கு ஒரு பேரு வைக்கல.

மூணாவதா வயித்துல தங்குச்சு. அன்னைக்கே மலைச்சி சொல்லிட்டாளாம், "இந்தப் பிள்ளைய நான் மண்ணுக்குக் குடுக்க மாட்டேன்."

இது கீழத்தெருக் கதை. இனி மேலத்தெருவுக்கு வாங்க.

மேலத்தெருவுல பெரிய வீடு. அந்த வீட்டுக்காரர் ஆவுடைநாயகம். ஊருல பாதிச் செவக்காடு அவருது. அவரு பொஞ்சாதி பகவதியம்மா. என்னடா மரியாதையில்லாம அவ இவங்கானேன்னு பாக்காதீக, கதைக்குள்ள வந்துட்டா எனக்கு எல்லாரும் 'அவ'தான். அந்த வீட்டுல நெல்லுக்கு ஒரு குதிரு, கம்புக்கு ஒரு குதிரு, பரண் மேல கருப்பட்டி, உறியில நெய்யி. அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த மருமவ செண்பகவடிவு. சின்னப் பிள்ள, பத்தொம்பதோ இருபதோ. அவளும் மாசமா இருக்கா, முதப் பேறு. தாய் இல்லாத பிள்ள, அதனால பேறுகாலமும் இங்கனதான்.

சரி, பெரிய வீட்டு மருமவ, நெய்யும் சோறுமா வளந்திருப்பாள்னு நெனைப்பீக. அதுதான் இல்ல. பகவதியம்மாவுக்கு ஒரு மவ இருந்தா. பொன்னம்மா. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்த பிள்ளையப் பாத்துப் பாத்து ஊட்டுனா தாயி. வயித்துப் பிள்ள பெருசாப் போச்சு, வழி அடைச்சிக்கிச்சு, தாயும் பிள்ளையும் சேந்தே போயிட்டாக. "ஊட்டி ஊட்டியே கொன்னுட்டா"ன்னு யாரோ ஒருத்தி எழவு வீட்டுல சொல்லிட்டாளாம். அந்தச் சொல்லு பகவதியம்மா நெஞ்சுல முள்ளாத் தச்சு நின்னுருச்சு.

அதனால மருமவளுக்கு ஒரு நேரந்தான் சோறு, அதுவும் கைப்பிடிச் சோறு. மத்த நேரம் கஞ்சித் தெளிவு. எள்ளு சூடு, தொடாத. பூசணி குளிர்ச்சி, வேண்டாம். பலாப்பழம் மந்தம். கடலை பித்தம், அது பக்கமே போகாத. "கொறச்சுத் தின்னாத்தான் பிள்ள சிறுசா இருக்கும், சுகமாப் பெறலாம்." அந்தப் பிள்ள செண்பகவடிவு நெல்லுக் குதிருல சாஞ்சு உக்காந்துக்கிட்டுப் பசியில அழுவாளாம். கீழத்தெருவுல இல்லாமப் பட்டினி, மேலத்தெருவுல இருந்தும் பட்டினி. எப்படி இருக்கு பாருங்க நியாயம்.

இப்பக் கடலை பறிப்பு வந்துச்சு. அந்தக் காலத்துல கடலைக் காட்டுல ஒரு சட்டம் உண்டு. பறிக்கிறவுகளும் ஆயிறவுகளும் ஒரு கடலைய வாயில போடக் கூடாது. எப்படிக் கண்டுபிடிப்பான்? அதுக்குத்தான் ஒரு ஏற்பாடு வச்சிருந்தாங்க. களத்துவாசல்ல ஒரு கருங்கல்லு, அகலமா, பாய் விரிச்ச மாதிரி. பொழுது சாயையில வேலைக்கு வந்த பொம்பளைக எல்லாரும் வரிசையா வந்து, ஒரு செரட்டைத் தண்ணிய வாயில ஊத்திக் கொப்புளிச்சு அந்தக் கல்லு மேல துப்பணும். பச்சைக் கடலை தின்ன வாயி பாலா வெளுக்குமில்ல? கருங்கல்லுல வெள்ளையாத் தெரிஞ்சுரும். தெரிஞ்சா அவ்வளவுதான், கூலி கெடயாது. கங்காணி மாசானமுத்து குனிஞ்சு குனிஞ்சு அந்த எச்சிலப் பாத்துக்கிட்டு நிப்பானாம். அது ஒரு பொழப்பு.

மலைச்சிக்கு வயிறு தள்ளிருச்சு, குனிஞ்சு பறிக்க ஆகாது. அதனால களத்துல உக்காந்து செடியிலேருந்து கடலை ஆயிற வேலை. களம் பெரிய வீட்டுக் கொல்லைக்கு ஒட்டுனாப்புல. ஒரு நா மத்தியானம், மத்தவுகெல்லாம் கஞ்சி குடிக்கப் போயிட்டாக. மலைச்சி கஞ்சி கொண்டு வரல, அதனால அவ போகல. குமிச்ச செடிக்குப் பின்னால உக்காந்து ஆஞ்சுக்கிட்டு இருக்கா. கொல்லைக் கதவு கிரீச்சுன்னுச்சு. பாத்தா, செண்பகவடிவு நிக்கா. செவுத்தோரம் நின்னு நகத்தால சுண்ணாம்புக் காரையப் பேக்கா, வாயில போடுதா. பேக்கா, போடுதா.

"ஏ தாயி, என்ன செய்யுதீக? செவுத்தவா திங்கீக?"

அந்தப் பிள்ள திடுக்குன்னு திரும்புனா. வாயைச் சுத்தி வெள்ளை. "யார்ட்டயும் சொல்லிராத"ன்னா. சொல்லிட்டு, களத்துல குமிஞ்சு கெடந்த கடலையவே பாத்தா. பெறவு மெதுவா, "அக்கா, ஒரு பிடி குடேன்"னா.

கேட்டீகளா, அக்காங்கா! பெரிய வீட்டு மருமவ, கீழத்தெருக்காரிய! பசியில கெடந்தவளுக்கு மேலத்தெரு ஏது, கீழத்தெரு ஏது.

மலைச்சிக்குச் சிரிப்பு வந்துச்சாம். "தாயி, இது ஒங்க வீட்டுக் கடலை. நீங்க அள்ளித் திங்க வேண்டியதுதானே, என்னைய எதுக்குக் கேக்கீக?"

"அத்தை எண்ணி வச்ச மாதிரி பாத்துக்கிட்டே இருக்காக அக்கா. எனக்கு ராவெல்லாம் தூக்கம் வரல. பசிக்கி."

அதுக்கு மேல மலைச்சியால சிரிக்க முடியல. ரெண்டு கையாலயும் அள்ளி அந்தப் பிள்ள மடியில போட்டா. அவ செடி மறைவுல உக்காந்து தோட்ட ஒடச்சுத் திங்கா, திங்கா, அப்படித் திங்கா. எதுத்தாப்புல ஒருத்தி அப்படித் தின்னா, வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டுப் பச்சைத் தண்ணியில கெடக்கவளுக்கு எப்படி இருக்கும்? மலைச்சி வயித்துக்குள்ள பிள்ள ஒரு ஒதை ஒதைச்சுச்சாம். "சரி, இரு, தாரேன்"னு சொல்லிட்டு மலைச்சியும் ஒரு கடலைய ஒடச்சு வாயில போட்டா. ஒண்ணு போட்டா, பெறவு நிப்பாட்ட முடியுமா? ரெண்டு பேரும் அன்னைக்குக் கண்ணு மண்ணு தெரியாமத் தின்னாகளாம்.

பொழுது சாஞ்சுச்சு. கல்லுக்கிட்ட வரிசை நிக்கி. ஒவ்வொருத்தியாத் துப்பிட்டுப் போறா. மலைச்சி முறை வந்துச்சு. கொப்புளிச்சுத் துப்புனா. கல்லு மேல வெள்ளைவெளேர்னு விழுந்துச்சு.

"பிடிச்சேன்!"னு ஒரு கத்து கத்துனானாம் மாசானமுத்து. ஏதோ புலியப் பிடிச்சவன் கணக்கா. "அம்மா, இங்க வாங்க! கள்ளி ஆம்பிட்டா!"

பகவதியம்மா வந்தா. ஆவுடைநாயகம் வந்தாரு. ஊரே கூடிருச்சு. காட்டுலேருந்து சப்பாணிமுத்தும் ஓடியாந்தான். பகவதியம்மா கல்லப் பாத்தா, மலைச்சியப் பாத்தா. "நாளையிலேருந்து இவ இந்தக் களத்துல காலு வைக்கப்படாது. இதுவரைக்கும் ஆஞ்ச கூலியும் கெடயாது"ன்னுட்டா. அந்தக் கூலிக் கடலைதான் மலைச்சி வீட்டுக்கு ஐப்பசி கார்த்திகைக்குச் சோறு. அதுவும் போனா பானையச் சாச்சாக்கூட மலைச்சிக்கு ஒண்ணும் இருக்காது. வயித்துல இருக்கதுக்கும் இருக்காது.

சப்பாணிமுத்து தொபுக்குன்னு கால்ல விழுந்துட்டான். "தாயி, புத்திகெட்டுத் தின்னுட்டா, மன்னிச்சிருங்க."

"ஏன் விழுதீரு? எந்திரிங்க"ன்னா மலைச்சி. "ஆமா, தின்னேன். வயிறு நெறையத் தின்னேன். தின்னது நல்லாவும் இருந்துச்சு."

"கூட யாரு தின்னா?"ன்னான் மாசானமுத்து. அங்கன ரெண்டு ஆளு தின்ன தோடு கெடந்துச்சே, அதப் பாத்துட்டான்.

"நானே தின்னேன். என் வாயி பெருசு, ஒமக்குத் தெரியாதா?"

அவ காட்டிக் குடுக்கல. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவ தப்பிச்சிருக்கலாம். சொல்லல. எங்க ஐயா இந்த எடத்துல கொஞ்சம் நிப்பாட்டிட்டுத்தான் மேல சொல்லுவாரு.

அப்பக் கொல்லைக் கதவு கிரீச்சுன்னுச்சு. செண்பகவடிவு வாரா. பெரிய வீட்டு மருமவ ஊரு பாக்கக் களத்துக்கு வாரது மொத தடவை. ஊரே விலகி நிக்கி. அவ யாரையும் பாக்கல. செரட்டைய எடுத்தா, தண்ணிய மோந்தா, கொப்புளிச்சா, அந்தக் கல்லு மேல துப்புனா. அதுவும் வெள்ளை.

மாசானமுத்து வாயத் தொறந்தான். 'பிடிச்சேன்'னு சொல்லவா வேண்டாமான்னு தெரியல. தொறந்த வாயி தொறந்தபடி நின்னானாம். திருடனப் பிடிக்கன்னு கல்லப் போட்டாங்க, கல்லுல மொதலாளி வீட்டு மருமவளே ஆம்பிட்டா. இப்ப யாருக்குக் கூலியப் பிடிப்பான்?

பகவதியம்மா அழுவ ஆரம்பிச்சுட்டா. கோவத்துல இல்ல. "எம் மருமவளக் கொல்லப் பாத்தியேடி பாவி! கடலையக் குடுத்துக் கொல்லப் பாத்தியே! எம் பொன்னம்மாவ இப்படித்தானே ஊட்டி ஊட்டிப் போக்குனேன்! இதையும் போக்கணுமா?" மாரு மாரா அடிச்சுக்கிட்டாளாம்.

அப்பத்தான் மலைச்சிக்கு வெளங்குச்சு. 'இந்தப் பொம்பளைக்குக் குடுக்க மனசு இல்லாம இல்ல. பயம். என்னைய மாதிரியே பயம்.' அவளுக்குக் கோவம் போயிருச்சு. கோவம் போன எடத்துல ஒரு யோசனை வந்துச்சு. அந்த யோசனைதான்யா கதையே.

"தாயி, அழாதீக. நான் ஒண்ணு சொல்லுதேன், கேளுங்க. ஒங்க மருமவளுக்கு இன்னும் நாளு கெடக்கு. நான் அவுகளுக்கு ஒரு மாசம் முந்தி. தின்னா பிள்ள பெருத்துச் செத்துருவாகன்னு நீங்க சொல்லுதீக. தின்னாத்தான் பொழைக்கும்னு நான் சொல்லுதேன். யாரு சொல்லுதது சரின்னு எப்படிப் பாக்க? ஒங்க மருமவள வச்சுப் பாக்க வேண்டாம். என்னைய வச்சுப் பாருங்க. நான் முன்னால திங்கேன். எள்ளு, உளுந்து, கடலை, கருப்பட்டி, எது எது ஆகாதுங்கீகளோ அத்தனையும் எனக்குக் குடுங்க. நான் நல்லாப் பெத்தேன்னா ஒங்க மருமவளுக்குச் சோத்தப் போடுங்க."

"நல்லா இருக்கே நாயம்! திருடுனவளுக்கு விருந்தா?"ன்னான் கங்காணி. கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுச்சு.

பகவதியம்மா சிரிக்கல. கண்ணத் தொடச்சிக்கிட்டு, "நீ செத்துப் போனா?"ன்னு கேட்டா.

"நான் செத்துப் போனா, ஒங்க மருமவ பொழைச்சிக்கிடுவா. அதுக்குத்தானே முன்னால திங்கேங்கேன்"னா மலைச்சி.

ஆவுடைநாயகம் பொஞ்சாதி மொகத்தப் பாத்தாரு. பொஞ்சாதி, "சரி, களத்துக்கும் வரட்டும், கூலியும் குடுங்க"ன்னா.

மறுநாளே பெரிய வீட்டுலேருந்து கீழத்தெருவுக்குத் தூக்குச்சட்டியில சோறு வந்துச்சு. பருப்பு, கீரை, உளுந்தங்களி. தெருவே எட்டிப் பாத்துச்சாம். இப்படிக் கொஞ்ச நாளு போச்சு. ஒரு நா பகவதியம்மா மலைச்சியக் களத்துல பாத்தா. அதே வெறகுக்கட்டைக் கையி, அதே குழி விழுந்த கன்னம். "ஏட்டி, அனுப்புத சோத்தத் திங்கியா இல்ல ஆட்டுக்கு வைக்கியா?"ன்னு கேட்டா.

மலைச்சி தலையக் குனிஞ்சுட்டா. "சட்டி வீட்டுக்கு வந்த ஒடன மாமனாரு இருமுதாரு தாயி. கொழுந்தன் பிள்ளைக ரெண்டும் சட்டிய விட்டுக் கண்ண எடுக்க மாட்டேங்கு. வேலைக்குப் போயிட்டு வந்தவரு பட்டினியா நிக்காரு. இவுகளுக்குக் குடுக்காம நான் எப்படித் திங்க? நான் என்ன பேயா? கடைசியில சட்டிய வழிச்சுத்தான் நக்குதேன்."

"அப்ப நான் என்ன செய்ய?"ன்னா பகவதியம்மா. மலைச்சியே சொன்னா. "சட்டியக் குடுத்துவிடாதீக. நான் இங்கன வந்து உக்காந்து திங்கேன். ஒங்க கண்ணு முன்னால."

அன்னைக்கு மலைச்சி வீட்டுல பெரிய சண்டையாம். மாமியாக்காரி, "அப்ப எங்க வாயில மண்ணா? நாங்கெல்லாம் பிள்ள பெறலியா?"ன்னு கேட்டா. மலைச்சி பதிலுக்குப் பதில் பேசல. "அத்தை, அந்த ரெண்டையும் குழியில வச்சது நீங்கதானே. எவ்வளவு இருந்துச்சுக, சொல்லுங்க"ன்னு மட்டும் கேட்டா. மாமியா மறுநா வெள்ளனே எழுப்பி, "போயித் தின்னுட்டு வா"ன்னு அவளே அனுப்பி வச்சாளாம்.

களத்து நெழல்ல மலைச்சி உக்காந்தா. பகவதியம்மா எல போட்டா. முருங்கைக்கீரை, பாசிப்பயறு, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்ட உளுந்தங்களி, எள்ளுருண்டை, கெட்டி மோரு. மொதக் கவளத்த வாயில வச்சதும் மலைச்சிக்கு அழுகை வந்துருச்சாம். வீட்டுல எல்லாரும் பட்டினி கெடக்க, தான் மட்டும் திங்க தொண்டையில எறங்கல. வயித்தத் தடவிக்கிட்டு, "ஒனக்காகத்தான், ஒனக்காகத்தான்"னு சொல்லிச் சொல்லி முழுங்குனாளாம். ரெண்டாம் நாளு கொஞ்சம் எறங்குச்சு. நாலாம் நாளு "கீரை இன்னும் கொஞ்சம் வைங்க, உப்புக் கொறச்சல்"னு அதிகாரம் பண்ண ஆரம்பிச்சுட்டா.

செண்பகவடிவு பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டு இருப்பாளாம். ஒப்பந்தப்படி அவளுக்கு இன்னும் கஞ்சித் தெளிவுதான். ஆனா மலைச்சி கையி சும்மா இருக்குமா? ஒரு எள்ளுருண்டை இவ வாயிக்கு, ஒண்ணு அவ மடிக்கு. பகவதியம்மா பாத்துட்டா. பாத்துட்டு, ஏதோ மாட்டப் பத்துத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாளாம். அதுவும் ஒரு மனசுதானே.

மலைச்சி கன்னத்துல சதை போட்டுச்சு. கையி வளையல் இறுகுச்சு. ஊருல பாதிப் பேரு, "பிள்ள பெருத்துப் போச்சு, இவ கதை முடிஞ்சுச்சு"ன்னாக. மீதிப் பேரு, "முடிஞ்சாலும் தின்னுட்டுல்லா முடியுதா"ன்னாக. நம்ம ஊரு வாயி அன்னைக்கும் இப்படித்தான்.

நாளு வந்துச்சு. விடியையில வலி எடுத்துச்சு. சேதி போன ஒடன பகவதியம்மா கெளம்பிட்டா, கால்ல செருப்புக்கூட இல்லாம. பெரிய வீட்டுப் பொம்பள கீழத்தெருவுக்குள்ள வந்ததே கெடயாது. வந்து மலைச்சி குடிசை வாசல்ல, வேப்பமரத்துத் தூருல, வெறும் மண்ணுல உக்காந்துட்டா. யாரோ பலகை கொண்டு வந்தாக, வேண்டாம்னுட்டா.

உச்சிப் பொழுதாச்சு. பெறல. வெயிலு சாஞ்சுச்சு. பெறல. மருத்துவச்சி குட்டியம்மா வெளிய வந்து, "தல பெருசா இருக்கு"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. பகவதியம்மா அலறிட்டா. "நான் அப்பவே சொன்னேனே! ஐயோ, எள்ளுருண்டைய வேற எம் மருமவளுக்கும் குடுத்தாளே, பாத்துக்கிட்டு இருந்தேனே!" மலைச்சி மாமியா இவளக் கட்டிப் பிடிக்கா, இவ அவளக் கட்டிப் பிடிக்கா. ரெண்டு பேரும் தொட்டுப் பேசிக்கிட்டதே கெடயாது அதுவரைக்கும்.

அப்ப உள்ளேருந்து ஒரு சத்தம் வந்துச்சாம். ஆட்டுக்குட்டியக் கூப்பிடுத அதே தொண்டை. "தாயி! அங்கன என்ன ஒப்பாரி? நான் இன்னும் சாகல! போன ரெண்டுக்கும் எனக்கு முக்கத் தெம்பில்ல. இப்ப இருக்கு! எல்லாரும் வாய மூடுங்க!"

வெளிய இருந்தவுக வாய மூடிட்டாக. மாடு மேஞ்சு திரும்புத நேரம். தெருவுல புழுதி. அந்தப் புழுதிக்குள்ள ஒரு பிள்ள அழுத சத்தம் கேட்டுச்சு. எப்படி அழுதுச்சுங்கீக! தாயிக்கு மேல தொண்டை. குட்டியம்மா துணியில சுத்தி வெளிய கொண்டாந்தா. பொம்பளப் பிள்ள. தொடையில மடிப்பு விழுந்து, உருண்டு தெரண்டு, கைய முறுக்கிக்கிட்டு கெடக்கு. சப்பாணிமுத்து பிள்ளைய வாங்கப் பயந்து பின்னால போறான். இத்தனை கனத்துல அவன் பிள்ளையத் தூக்குனதில்ல பாருங்க.

பகவதியம்மா பிள்ளைய வாங்குனா. மோந்து பாத்தா. "தாயி?"ன்னு குட்டியம்மாட்ட ஒரு வார்த்தை கேட்டா. "உள்ள கஞ்சி கேக்கா, நல்லா இருக்கா"ன்னா குட்டியம்மா. அவ்வளவுதான், பிள்ளைய மலைச்சி மாமியா கையில குடுத்துட்டு ஓட்டமும் நடையுமாப் போயிட்டாளாம். எங்க? நேரா அவ வீட்டு அடுப்படிக்கு. "செண்பகம்! ஏ செண்பகம்! இலையப் போடு. ஒக்காரு. சோறு வைக்கேன்"னா. அந்தப் பிள்ள அன்னைக்குத் தின்ன சோத்துக்கு உப்பே வேண்டாம், மாமியா கண்ணீரே போதும்னு எங்க ஐயா சொல்லுவாரு. அடுத்த மாசம் அவளுக்கும் சுகமாப் பொறந்துச்சு. ஆம்பளப் பிள்ள. ரெண்டு பிள்ளைகளும் ஒரே களத்துல ஓடித் திரிஞ்சு வளந்துச்சுகளாம்.

கதை இத்தோட முடிஞ்சிருக்கலாம். ஆனா மலைச்சி விடல. மறு வருசம் கடலை பறிப்புக்கு முந்தி பகவதியம்மா அவளக் கூப்பிட்டு, ஒரு பட்டுக்கரைச் சேலை, ஒரு வெங்கலப்பானை எடுத்து வச்சா. "எம் மருமவள எனக்குக் குடுத்தவ நீ. வாங்கிக்கோ."

மலைச்சி சேலையத் தொட்டுப் பாத்தாளாம். ஆச இல்லாமலா இருக்கும்? "வேண்டாம் தாயி"ன்னுட்டா. "சேலையக் கட்டிக்கிட்டு நான் நாளைக்கி அந்தக் கல்லு மேலதானே துப்பணும்? எனக்கு ஒண்ணு செய்யுங்க. எனக்குப் பெறவு வாரவளுகளுக்குச் செய்யுங்க. பிள்ளைத்தாச்சிகள அந்தக் கல்லுல துப்பச் சொல்லாதீக. உக்காரச் சொல்லுங்க. உக்கார வச்சு மொதச் செடிக் கடலைய அவளுகளுக்குக் குடுங்க. வீட்டுக்குக் குடுத்துவிடாதீக, அது அவ வாயிக்குப் போகாது. அங்கனயே, எல்லாரும் பாக்க, வயிறு நெறையத் தின்னு முடிக்கட்டும். பெறவு பறிப்பு நடக்கட்டும்."

கங்காணி மாசானமுத்து, "அப்ப நான் எதப் பாத்துக்கிட்டு நிக்க?"ன்னு கேட்டானாம். "பிள்ளைத்தாச்சி நல்லாத் திங்காளான்னு பாரும்"னா மலைச்சி. அந்த வருசத்துலேருந்து அவனுக்கு அதுதான் வேலை. நல்லாத்தான் பாத்தானாம், "இன்னுங் கொஞ்சம் தின்னு தாயி"ன்னு கெஞ்சுவானாம்.

அதுதான்யா, அந்தக் களத்துவாசல்ல கெடக்கு பாருங்க மலைச்சி கல்லு, அது. அந்தப் பண்ணையும் போச்சு, பெரிய வீடும் இடிஞ்சு போச்சு, காடெல்லாம் கை மாறிருச்சு. ஆனா ஆலடிச்செவல்ல யாரு கடலை போட்டாலும், பிள்ளைத்தாச்சி மொதல்ல தின்ன பெறவுதான் பறிப்பு. அவ எந்தத் தெரு, என்ன சாதி, யாரு பொஞ்சாதி, ஒண்ணும் கேக்கப்படாது. வயிறு தெரிஞ்சாப் போதும். மடியில ஒரு கடலை கட்டப்படாது, அங்கனயே தின்னு முடிக்கணும்.

போன வருசம் பாருங்க, ஊருல ஒரு பிள்ளைத்தாச்சி இல்ல. நம்ம பிள்ளைக எல்லாம் திருப்பூரு கோயம்புத்தூருன்னு போயிருச்சுக. கடலை மண்ணுக்குள்ள முத்திக் கெடக்கு, மழை வேற மிரட்டுது. ஆளு வந்து நிக்கி, டிராக்டர் வந்து நிக்கி. பறிக்க முடியல. எங்க மயினி, அதான் எங்க அண்ணன் பொஞ்சாதி, "இருங்க"ன்னு சொல்லிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் செங்கச்சூளைக்குப் போனா. அங்கன வடக்க இருந்து வந்து கல்லறுக்கிற ஒரு பிள்ள, எட்டு மாசம். கையப் பிடிச்சுக் கூட்டியாந்துட்டா. அந்தப் பிள்ளைக்கு நம்ம பேச்சு ஒரு வார்த்தை தெரியாது. ஏதோ தப்புப் பண்ணிட்டோம்னு நெனைச்சு நடுங்குது. புருசன்காரன் பின்னாலயே ஓடியாரான்.

கல்லு மேல உக்கார வச்சோம். மொதச் செடியப் பிடுங்கி, கழுவி, மடி நெறையப் போட்டோம். அது எங்க எல்லார் மொகத்தையும் பாத்துச்சு. ரெண்டு கடலைய வாயில போட்டுச்சு. மீதிய முந்தானையில கட்டிப் புருசன் கையில குடுக்கப் போச்சு. எங்க மயினி அந்த முடிச்ச அவுத்துட்டா. வேற ஒரு கூடைக் கடலைய அவன் கையில குடுத்து ஓரமா உக்காரச் சொன்னா. பெறவு அந்தப் பிள்ளகிட்ட வந்து, வாயத் தொட்டுக் காட்டி, வயித்தத் தொட்டுக் காட்டினா.

அதுக்கு அப்பத்தான் வெளங்குச்சு. குனிஞ்சு திங்க ஆரம்பிச்சுச்சு. மெதுவாத் தின்னுச்சு, பெறவு வேகமாத் தின்னுச்சு. கண்ணுலேருந்து தண்ணி ஓடுது, தொடைக்கல, திங்கிறத நிப்பாட்டல. டிராக்டர்க்காரன், "அண்ணாச்சி, நேரமாகுது"ன்னான். "ஆகட்டும், பேசாம நில்லுல"ன்னேன். வெயிலு ஏறுது. அத்தனை ஆளும் வரப்புல நிக்கோம்.

அந்தப் பிள்ள தின்னு முடிச்சு, வாயத் தொடச்சிக்கிட்டு எந்திரிச்சுச்சு. பெறவுதான் நாங்க காட்டுல காலு வச்சோம்.